உப்புக் காற்றும் வன்தட்டும்

இரண்டாமாண்டு இளமறிவியல் (இயற்பியல்)

கணிப்பொறிக்கு வன்தட்டு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. எவ்வளவு கொள்ளும்? எவ்வளவு வேகம்? என்ன விலை? நான்காவதாக, எவ்வளவு சூடாகும் என்று கேட்பவரும் உண்டு. அவர் சற்று விவரம் அறிந்தவர். ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. மரக்காணத்து உப்பளக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அதை இக்கட்டுரையில் காட்ட முயல்கிறேன்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கக் காரணம் எங்கள் ஊர்ப் புகைப்படக் கடை. அதை நடத்தும் அண்ணன் எங்களுக்கு உறவு அல்லர். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன பத்திரம் வேண்டுமானாலும் அவர் கடைக்குத்தான் போவார்கள். சாதிச் சான்று, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தம் கணிப்பொறியில் வைத்திருப்பார். மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை இல்லை. அந்த மூன்று மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அதற்கு என் தாயார் கொடுத்த நகல்கள்கூட அந்தக் கணிப்பொறியிலிருந்து எடுத்தவைதாம். 2020 நவம்பரில் நிவர் புயல் எங்கள் கரையை ஒட்டிக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தது. கூரை நனைந்தால் காகிதம் போய்விடும். காகிதம் போனவர்களுக்கு அந்த வன்தட்டுதான் பெட்டகம்.

அந்தத் தட்டு நோய்வாய்ப்பட்டது. கோப்பைத் திறந்தால் பாதியில் நிற்கும். சில நாள் கணிப்பொறி தட்டையே காணவில்லை என்று சொல்லும். "தம்பி, நீ சயின்ஸ் படிக்கற புள்ள. ஸ்பீடு ஜாஸ்தியா இருக்கறதே வாங்கிடலாமா? சூடு ஏறி அதுவும் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார் அண்ணன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். பௌதிகம் படிப்பவனுக்குக் கணிப்பொறி பழுதுபார்க்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது ஊரார் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வன்தட்டு என்பது யாது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற எந்திரத்தோடு முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுழலும். அவ்வளவும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். இன்றைய மேசைக் கணிப்பொறித் தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். அதன்மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மெத்தையில் மிதக்கிறது. தலைமயிரின் கனம் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த இடைவெளியின் நெருக்கம் புரியும். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நிவர் புயல் கரை கடந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் அடித்த காற்றின் வேகமும் ஏறக்குறைய அதுவே. உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் ஒரு புயல் ஓயாமல் சுழல்கிறது எனலாம்.

இனி வேகம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 5400 சுற்று, 7200 சுற்று என இரு வகை. வேண்டிய தகவல் தட்டில் எங்கோ இருக்கிறது. அது முனைக்கு நேராக வரும்வரை காத்திருக்கவேண்டும். சராசரியாக அரைச் சுற்று நேரம். 7200 சுற்றுத் தட்டுக்கு இது 4.17 மில்லி வினாடி. 5400 சுற்றுக்கு 5.56. வித்தியாசம் ஒரு மில்லி வினாடியும் சற்றும்தான். முனை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர எடுக்கும் நேரமோ இதைப்போல் இரு மடங்கு இருக்கும். ஆகவே சுற்று வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் வேலையும் மூன்றில் ஒரு பங்கு விரைவாகும் என்று கணக்கிடுவது தவறு. ஒரே நீளமாகப் பெரிய கோப்பைப் படிக்கும்போது, தகவல் எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். புதிய 5400 சுற்றுத் தட்டு பழைய 7200 சுற்றுத் தட்டை இதில் முந்திவிடும்.

சூட்டின் கணக்கு இப்படியன்று. அங்கே சுற்று வேகத்துக்கு விலை அதிகம். தட்டைச் சுழற்றும்போது காற்றைக் கிழிக்கச் செலவாகும் திறன், சுற்று வேகத்தின் ஏறத்தாழ 2.8 ஆம் அடுக்குப்படியும், விட்டத்தின் ஏறத்தாழ 4.6 ஆம் அடுக்குப்படியும் ஏறும் என்று பொறியாளர்கள் கண்டிருக்கிறார்கள். 5400-லிருந்து 7200-க்குப் போனால் காற்றோடு போராடும் திறன் 2.2 மடங்காகிறது. ஒரு மில்லி வினாடி இலாபத்துக்கு இந்த விலை. மாறாக, 95 மில்லிமீட்டர்த் தட்டை விட்டு மடிக்கணிப்பொறியில் வரும் 65 மில்லிமீட்டர்த் தட்டுக்கு வந்தால், அதே சுற்று வேகத்தில் அந்தத் திறன் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. கையடக்கமான தட்டு கையைச் சுடாததன் காரணம் இந்த 4.6 தான். மின்னணுப் பாகங்களுக்கும் முனையை நகர்த்துவதற்கும் ஆகும் செலவைச் சேர்த்து, பெரிய 7200 சுற்றுத் தட்டு வேலை செய்யும்போது 6 முதல் 8 வாட் வரை உண்ணும்; 5400 சுற்றுத் தட்டு 4, 5 வாட்; சிறியது 2 வாட்டை ஒட்டி. உண்ட மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேறவேண்டும்.

அண்ணன் கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு பிற்பகலில் அறை வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் இருந்தபோது தட்டு தன்னைப் பற்றித் தானே தரும் அறிக்கையில் 52 டிகிரி என்று காட்டியது. ஆலைகள் பெரும்பாலும் 60 டிகிரிவரை அனுமதிக்கின்றன. அண்ணன் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் சூட்டினால்தான் தட்டுகள் சாகின்றனவா? 2007-இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, குளிர்ச்சியாக இருந்த தட்டுகளில்தான் பழுது அதிகமாக இருந்தது. மிக உயர்ந்த வெப்பநிலையில் மட்டும், அதுவும் வயதான தட்டுகளில்தான், சூட்டின் தீமை தெளிவாகத் தெரிந்தது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தி: தட்டின் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாளுக்குள் அது சாகும் வாய்ப்பு பிழை இல்லாத தட்டைக் காட்டிலும் 39 மடங்கு. முன்னறிவிப்பே தராமல் செத்தவையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தன. சூடு கெடுதிதான் என்று 2011-இல் வேறு ஆய்வாளர்கள் தங்கள் தரவு மையத்துக் கணக்கைக் கொண்டு எழுதினார்கள். ஆக, அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 50 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஓடவிடக்கூடாது என்ற அளவில் எடுத்துக்கொள்வது நல்லது.

எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்தது 2016-இல் வெளிவந்த ஒரு கட்டுரை. மனுசாகிஸ் முதலியோர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 9 தரவு மையங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஒன்றரை ஆண்டு முதல் நான்கு ஆண்டு வரை கவனித்தார்கள். குளிரூட்டியை நம்பாமல் வெளிக்காற்றைக் கொண்டு எந்திரங்களைக் குளிர்விக்கும் மையங்களும் அவற்றில் உண்டு. அவர்கள் கண்டது: வெப்பநிலையைவிடக் காற்றின் ஒப்பு ஈரப்பதமே பழுதுக்குப் பெரிய காரணம். ஈரம் மிகுந்த இடத்தில் தட்டின் காந்தப் பரப்பு கெடவில்லை. தட்டை இயக்கும் மின்சுற்றும் இணைப்புகளுமே கெட்டன.

ஐந்தாவது கேள்வி இதுதான்: எவ்வளவு ஈரம் தாங்கும்? ஆலையின் விவரத் தாளில் இதற்கு விடை இருக்கிறது. நீர் படியாதவரை 90, 95 விழுக்காடு ஈரப்பதம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது நல்ல காற்றுக்கு உரிய அளவு. எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது.

உப்பளத்தில் பிறந்தவனுக்கு இது பாடப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டிய செய்தி அன்று. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய்ச்சுகிறோம். டிகிரிக் கோலில் 25 போமே வந்ததும் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30-ஐ நெருங்கும்போது எஞ்சிய நீரை வெளியேற்றிவிடவேண்டும். வாயில் வைத்தால் கசக்கும் அந்த நீரில் மெக்னீசியம் உப்புகள் திரண்டிருக்கும். அதை விட்டு வைத்தால் வாரிய உப்பு எப்போதும் பிசுபிசுத்துக் கிடக்கும். அம்பாரத்தின் அடியில் வெயில் நாளிலும் ஈரம் கசிவதை என் தந்தையார் காட்டியிருக்கிறார். காரணத்தை இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகு படித்தேன். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய திவலையில் இரண்டும் கலந்தே பறந்து வருகின்றன.

(இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. நீர் விட்டுப் பிசைந்த தூய உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் தானாகவே 75 விழுக்காட்டில் நிற்கும். ஈரமானிகள் சரியாக இருக்கின்றனவா என்று உலகெங்கும் இவ்வாறுதான் பார்க்கிறார்கள். கசப்பு நீர் கலந்த கல்லுப்புக்கு இந்தப் பெருமை கிடையாது.)

அந்தத் திவலை வன்தட்டின் உள்ளே போகாது. தட்டுக்கு மூச்சுவிடும் சிறு துளை உண்டு. அதற்கு வடிகட்டியும் உண்டு. ஹீலியம் நிரப்பிய பெரிய தட்டுகள் முற்றிலும் மூடப்பட்டவை. ஆனால் எவ்வளவு மூடினாலும் மின்சுற்றுப் பலகை வெளியேதான் இருக்கிறது. கம்பி செருகும் முனைகளும் வெளியே. அவற்றின்மேல் படிந்த உப்பு ஈரத்தை இழுத்தால் மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகும், அது மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். உப்பளத்து மோட்டார் பம்புக்கு நேர்வதுதான் இங்கும் நேர்கிறது, சற்று நாகரிகமாக.

இப்போது சூட்டையும் ஈரத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாலையில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்காற்று கடைக்குள் வருகிறது என்று கொள்வோம். 30 டிகிரியில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் 42.4 மில்லிபார், 40 டிகிரியில் 73.8, 45 டிகிரியில் ஏறத்தாழ 96. அதே காற்று ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைத் தொட்டு 40 டிகிரிக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் 46 விழுக்காடாகக் குறைந்துவிடும். 45 டிகிரி ஆனால் 35. சோடியம் குளோரைடு நன்கு உலர்ந்துவிடும். மெக்னீசியம் குளோரைடுகூட உலர்வதற்கு நூலிழை தூரத்தில் நிற்கும். ஆகவே மிதமான சூடு எங்கள் ஊர்த் தட்டுக்குப் பகையன்று, காவல். இரவில் கடையைப் பூட்டி, எந்திரத்தை அணைத்து, தட்டு ஆறிய பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. நடுப்பகல் 52 டிகிரியைக் கண்டு அண்ணன் அஞ்சினார். ஐப்பசி மாதத்து நள்ளிரவைக் கண்டு அஞ்சியிருக்கவேண்டும்.

இது வெறும் ஊகமா? தட்டின் தன்னறிக்கையைப் பார்த்தேன். 'ஸ்மார்ட்' எனப்படும் அந்த அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் உண்டு. 194 என்பது வெப்பநிலை. 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். 199 என்பது தட்டுக்கும் கணிப்பொறிக்கும் இடையே கம்பியில் நேர்ந்த தகவல் பிழைகள். அண்ணனின் தட்டில் 5, 197 இரண்டிலும் சிறு எண்களே இருந்தன. 199-இல் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. கம்பியைக் கழற்றினால் செருகும் முனைகள் கறுத்திருந்தன. பலகையைத் திருகு கழற்றித் திருப்பிப் பார்த்தபோது மோட்டாருக்கும் முனைக்கும் போகும் தொடுபுள்ளிகளும் அப்படியே. மென்மையான அழிப்பானால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுக் கம்பி போட்டதும் தட்டு எழுந்தது. ஆனாலும் 197-இல் எண் இருக்கும் தட்டை நம்பக்கூடாது. அந்த 39 மடங்கை மறக்கவேண்டாம். எழுந்த அன்றே நகல் எடுக்க உட்கார்ந்தோம்.

பத்திரங்களை முதலில் எடுத்தோம். அடுத்து எது என்று கேட்டேன். "செத்தவங்க படத்தை எடு தம்பி. கல்யாணம் பண்ணவங்க உசுரோட இருக்காங்க, இன்னொரு படம் புடிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். இரண்டு இரவு ஆயிற்று. என் பாட்டனாருக்கு இருக்கும் ஒரே படமும் அதில்தான் இருந்தது.

மாற்றுத் தட்டாக எதை வாங்குவது என்பதில் எங்கள் முடிவைச் சொல்கிறேன். அன்றாட வேலைக்கு எஸ்.எஸ்.டி. எனப்படும், சுழலும் பாகமே இல்லாத தகவல் பெட்டி. வன்தட்டு ஒரு தகவலைத் தேடி எடுக்க 12, 15 மில்லி வினாடி எடுக்கும் இடத்தில் இது ஏறத்தாழ 0.1 மில்லி வினாடியில் முடிக்கிறது. 5400-ஆ 7200-ஆ என்ற வழக்கே இதன் முன் நிற்கவில்லை. சாட்டா இணைப்பில் வரும் வகையை எடுத்தோம். பலகையில் நேரே செருகும் என்.வி.எம்.இ. வகை இன்னும் பன்மடங்கு வேகம்; ஆனால் சூடு மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் அந்தக் கூடுதல் வேகத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

பழைய படங்களைப் பாதுகாக்க எஸ்.எஸ்.டி.யை நம்பலாமா என்றால், கூடாது. அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரம் இல்லாமல் சூடான அலமாரியில் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதித் தேய்ந்து முடிந்த நிலையில், 30 டிகிரியில், ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் சாதாரண வகைக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த அளவு. புதியது இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், எங்கள் ஊரில் அலமாரிக்குள் 30 டிகிரி என்பது மார்கழியில் மட்டுமே. ஆகவே பழையவற்றுக்குப் பெரிய 5400 சுற்று வன்தட்டு ஒன்று வாங்கினோம். வேகம் அங்கே வேண்டியதில்லை; சூடும் குறைவு; ஒரே அளவு இடத்துக்கு விலையும் குறைவு. தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். வகையா என்று பார்த்து வாங்குவது நலம். அது ஒருமுறை எழுதி வைக்க ஏற்றது. அடிக்கடி மாற்றி எழுதினால் தவழும். தங்கள் தட்டுகளில் எவை அவ்வகை என்பதை மூன்று பெரிய ஆலைகளும் 2020-இல்தான் வெளிப்படையாகச் சொல்லின.

அண்ணன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை உள்ளே திருப்பி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லாக் கடையிலும் இந்த வைத்தியம் உண்டு. சூடு 52-லிருந்து 44-க்கு இறங்குகிறது, உண்மை. ஆனால் விசிறி கடற்கரைக் காற்றை உப்போடு சேர்த்துப் பலகைமேல் வாரி இறைக்கிறது. தகட்டை மூடச் சொன்னேன். உள்ளே காற்று வரும் துளைக்கு மெல்லிய துணி கட்டி, பெட்டியின் பின்புறம் வெளியேற்றும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தினோம். புதுப் பெட்டிக்குள் இப்போது பகலில் 45-ஐ ஒட்டி நிற்கிறது. மழைக்காலத்து இரவுகளில் கணிப்பொறியை அணைக்காமல் விடும்படியும் சொல்லியிருக்கிறேன். மின்கட்டணத்தை எண்ணி அண்ணன் இன்னும் இணங்கவில்லை. பெரிய தட்டு மாதம் ஒருமுறை நகல் எடுக்கும்போது மட்டும் வெளியே வரும். மற்ற நாளில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு இருக்கும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இட்டு வறுத்தால் மீண்டும் உலரும்.

டப்பாவுக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று அளக்க ஒரு சிறு ஈரமானி வாங்கினேன். நம் வேதியியல் ஆய்வகத்துத் தூய உப்பில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். 75 காட்டவேண்டிய இடத்தில் 79 காட்டுகிறது. நான்கைக் கழித்துக்கொண்டு, வரும் ஐப்பசி முதல் தேதியிலிருந்து கடையிலும் டப்பாவிலும் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் அளவெடுக்க இருக்கிறேன். கடைச் சாவியை அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.